முதல் ஸ்ட்ராங்மேன் போட்டிக்கு இன்னும் 9 வாரம். கல்லைத் தொட்டதே இல்ல, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

இரும்புப்பூனை (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டுப் போற ஆள் நான், இதுதான் முதல் பதிவு.

வயசு 33, எடை 93 கிலோ. ஆறு வருஷமா பார்பெல்லைத் தவிர வேற எதையும் தூக்கினதில்ல. தரையிலேர்ந்து தூக்குற டெட்லிஃப்ட் 215 கிலோ, தோள்ல வெச்சுக் குந்தி எழுற ஸ்குவாட் 175, நின்னுட்டுத் தலைக்கு மேல தள்ற பிரஸ் 80. போன மாசம் ஏதோ ஒரு வேகத்துல ஒரு அமெச்சூர் ஸ்ட்ராங்மேன் போட்டிக்குப் பேர் கொடுத்துட்டேன். புதுசா வர்றவங்களுக்கான பிரிவுதான். நேத்து பட்டியல் வந்துச்சு, அப்போலேர்ந்து வயித்தைக் கலக்குது. தடிமனான கட்டையைத் தலைக்கு மேல தள்ற லாக் பிரஸ் 75 கிலோ, ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை முடியுதோ அத்தனை. ரெண்டு கையிலயும் எடையைத் தூக்கிட்டு நடக்கிற ஃபார்மர்ஸ் வாக் கைக்கு 90, 20 மீட்டர். எடை ஏத்தின சட்டத்தைத் தோள்ல சுமந்து நடக்கிற யோக் 220, அதுவும் 20 மீட்டர். டெட்லிஃப்ட் 180, ஒரு நிமிஷம். கடைசியா அட்லஸ் கல்லு, அதாவது உருண்டையான கான்கிரீட் கல்லு: 80, 95, 110, 120, நெஞ்சளவு மேடையில வரிசையா ஏத்தணும்.

டெட்லிஃப்ட்ல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்துடுவேன். மத்த நாலையும் நெனச்சாத்தான் பயம். நான் போற ஜிம்ல லாக் இல்ல, யோக் இல்ல, கல்லைப் பத்திக் கேட்கவே வேணாம். அதனால இந்த ஒன்பது வாரமும் டெட்லிஃப்டையே ஏத்தி அங்க புள்ளியை அள்ளிடலாம்னு ஒரு கணக்கு. சரி வருமா?

ரெண்டாவது விஷயம். போட்டிக்கு ஆறு நாள் முன்னாடி ஆபீஸ்ல ஆண்டு விழா. "நீதான் பலசாலியாச்சே, மேடையில ஏதாவது பண்ணிக் காட்டு"ன்னாங்க. ஆணி வளைக்கிறேன், சீட்டுக்கட்டு கிழிக்கிறேன்னு வாயை விட்டுட்டேன். ரெண்டுக்கும் சேர்த்தே பழகலாமா?

கடைசியா, 90 கிலோ பிரிவும் இருக்கு. மூணு கிலோதான, தண்ணியைக் குறைச்சு எடையை இறக்கிட்டா நல்லதா?

பழைய நுகம்:

தம்பி, வாழ்த்துகள். எனக்கு வயசு 47. பதினாலு போட்டியில நின்னுருக்கேன், ஒண்ணுலகூட ஜெயிச்சதில்ல, ரெண்டு தடவை மூணாவது வந்திருக்கேன். தோத்த அனுபவம் நிறைய இருக்கிறதால தைரியமா சொல்றேன்: உன் கணக்கு தப்பு.

பெரும்பாலான போட்டியில இடத்துக்குத்தான் புள்ளி. பத்துப் பேர் நின்னா முதல் ஆளுக்கு 10, கடைசி ஆளுக்கு 1. நீ ஒன்பது வாரம் உயிரை விட்டு டெட்லிஃப்ட்ல ரெண்டாவதுலேர்ந்து முதல் இடத்துக்கு வந்தா கிடைக்கிறது ஒரே ஒரு புள்ளி. ஆனா கல்லுல ஒண்ணுகூட மேடை ஏறலன்னா உனக்குப் பூஜ்யம். கடைசி ஆளுக்குக் கிடைக்கிற 1கூடக் கிடையாது. புதியவங்க பிரிவுல 80லயே நின்னுபோற ஆளுங்க எப்பவும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. ரெண்டு கல் ஏத்தினாலே அவங்களைத் தாண்டிடலாம். அதனால உனக்கு நல்லா வர்றதை விட்டுடு, எதுல பூஜ்யம் வாங்குவியோ அதைப் பழகு. டெட்லிஃப்டுக்கு வாரம் ஒரு நாள் போதும், அது எங்கயும் ஓடிடாது.

முதல் போட்டியில நான் லாக்ல பூஜ்யம். பார்பெல்லை அதைவிட அதிகமாவே பிரஸ் பண்ணுவேன். ஆனா லாக்கை அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிறேன். மடிக்கு மேல வரவே இல்ல. ஒரு நிமிஷம் முழுக்க அதைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னேன். கூட்டம் கைதட்டிச்சு வேற, அதுதான் இன்னும் வலிச்சுது.

இப்போ கல்லுக்கு வர்றேன். உன் பட்டியல்ல உன்னைக் கவிழ்க்கப்போறது அதுதான். 80 கிலோ கான்கிரீட் கல்லோட விட்டம் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர், 120 கிலோவுக்கு 46. ஆறு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், எடை மட்டும் ஒன்றரை மடங்கு. கண்ணால பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும், ஏமாந்துடாத.

கல் ரெண்டு கணுக்காலுக்கும் நடுவுல இருக்கணும், முன்னாடி இல்ல. குனிஞ்சு கையை ரெண்டு பக்கமும் அடிவரைக்கும் விடு, விரலை விரிச்சு வை. கையால கல்லை அமுக்கிப் பிடிச்சுட்டு இடுப்பால எழுந்திரு. முதுகு வளையும், அது கல்லுல சகஜம். டெட்லிஃப்ட் மாதிரி நேரா வெச்சுக்கப் பார்த்தா கை அடிக்குப் போகாது. முழங்காலைத் தாண்டினதும் குந்தி மடியில வாங்கிக்கோ. இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க: மடியிலயும் அதே மாதிரி பக்கவாட்டுலயே பிடிச்சுட்டு எழுந்திருக்கப் பார்ப்பாங்க. அப்படிப் பண்ணாத. மடியில வெச்சு ஒரு மூச்சு வாங்கு, கையை மேலே கொண்டுவந்து கல்லோட தலைமேல போட்டு நெஞ்சோட அணைச்சுக்கோ. அப்புறம் ஒரே உதறல்ல எழுந்து, இடுப்பை முன்னாடி தள்ளி மேடையில உருட்டு.

முழங்கையை மடக்கி மட்டும் இழுக்காத. இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். கல்லுல இல்ல, டயர் புரட்டும்போது. 2016ல, பயிற்சியில, பெரிய எடைகூட இல்ல. டயருக்கு அடியில கையை விட்டு, கொஞ்சம் மடக்கி வெடுக்குனு இழுத்தேன். ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், வலி அவ்வளவா இல்ல. பார்த்தா பைசெப்ஸ் மேலே சுருண்டு உருண்டையா நிக்குது. முழங்கைகிட்ட தசைநாண் எலும்பை விட்டுப் பிரிஞ்சிருந்தது. "சுளுக்குதான், ஒரு மாசம் பார்ப்போம்"னு முதல்ல பார்த்த டாக்டர் சொன்னார். நல்லவேளை, நான் நம்பாம வேற ஒருத்தர்கிட்ட போனேன். அது மேலே சுருங்கி ஒட்டிக்கிறதுக்குள்ள, முதல் ரெண்டு வாரத்துலயே தைச்சாத்தான் நல்லது. ஆறு மாசம் கனமா எதையும் தூக்கல. பல் விளக்குறதுகூட இடது கைதான். ஆகவே கை கயிறு, இடுப்பு எஞ்சின். டெட்லிஃப்ட்ல ஒரு கையைத் திருப்பிப் பிடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடு, கையைக் கம்பியோட சேர்த்துக் கட்டுற ஸ்ட்ராப்புக்கு அனுமதி உண்டான்னு விதியைப் படி.

கல் இல்லாததுக்கு மணல் மூட்டை. தடிமனான கேன்வாஸ் பையில 70 கிலோவுல ஆரம்பி, வாரம் ரெண்டு தடவை, மடிக்கு எடுத்து நெஞ்சுக்கு, நெஞ்சுலேர்ந்து உயரமான ஒரு பெட்டி மேல. கல்லைவிட மூட்டை பிடிக்க வசதி, ஆனா மடிக்கு எடுக்கிற பழக்கம் உடம்புல ஏறிடும். போட்டி நடத்துறவங்ககிட்ட கேட்டு, கருவிகள் இருக்கிற இடத்துக்கு ரெண்டு தடவையாவது போய்த் தொட்டுட்டு வா.

யோக்ல குறுக்குக் கம்பி உயரத்தை உனக்கேத்த மாதிரி வெக்கச் சொல்லு. தூக்கினா தரையிலேர்ந்து நாலு விரல் எழும்பினாப் போதும். அதுக்கு மேல போனா ஊஞ்சல் ஆடும். ஃபார்மர்ஸ்ல கைப்பிடி நடுவை டேப்பால குறிச்சுக்கோ, முதல் மூணு அடி குட்டி குட்டியா. வழியில விழுந்தாலும் நின்னுடாத, நடந்த தூரத்துக்கும் இடம் உண்டு.

எடை இறக்குறது: வேணாம். ஒரே நாள்ல அஞ்சு நிகழ்ச்சி, காய்ஞ்ச உடம்போட நாலாவதுலயே பிடிச்சு இழுக்கும்.

தோள்மேல் உலகம்:

நுகம் அண்ணா கல்லுலயே மூழ்கிட்டார். லாக்கை நான் சொல்றேன் தம்பி, எனக்கு அதுதான் உயிர். (பெண்கள் பிரிவுல ஆறு வருஷமா நிக்கிறேன்.)

80 பிரஸ் பண்றவருக்கு 75 லாக் ஏறும், ஆனா சும்மா ஏறாது. கைப்பிடி உள்ள குழிக்குள்ள இருக்கும், உள்ளங்கை ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்திருக்கும். கட்டை தடிமன்ங்கிறதால நெஞ்சுலேர்ந்து தள்ளித்தான் நிக்கும், முகத்துக்கும் வழி விடாது. தலையைப் பின்னாடி சாய்ச்சு, நெஞ்சை மேலே நிமிர்த்தி ஒரு அலமாரித் தட்டு மாதிரி ஆக்கி அதுமேல உட்கார வைக்கணும். மடியிலேர்ந்து எடுக்கும்போது கட்டையைத் தொப்புளோட ஒட்டி வெச்சு, இடுப்பை உதறி, முழங்கையை முன்னாடி வீசி மேலே உருட்டணும். கையால தூக்கினா செத்தோம்.

லாக் இல்லன்னா, கைப்பிடி இணையா இருக்கிற கம்பி இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா கனமான டம்பெல் ரெண்டு, உள்ளங்கை உள்பக்கம் பார்க்க. காலால உந்தித் தள்ளுறதுக்கு அனுமதி இருக்கும், வெட்கப்படாம உந்துங்க.

ஒண்ணு மறக்காதீங்க. மேலே போனதும் கையும் காலும் நேராகி அசையாம நிக்கணும், ரெஃப்ரி "கீழே"ன்னு சொல்றவரைக்கும். அவசரப்பட்டு இறக்கினா அது கணக்குல வராது. என் முதல் போட்டியில ஏழு பண்ணேன், எழுதினது நாலு.

ஆணிவேர்:

மேடை விஷயத்துக்கு மட்டும் வர்றேன். எட்டு வருஷமா வித்தை காட்டுறேன், போட்டியெல்லாம் எனக்குப் பொறுமை இல்ல.

ஆணியை வெறுங்கையில வளைக்காதீங்க, உள்ளங்கையில இறங்கிடும். தோல் துண்டோ கெட்டித் துணியோ ரெண்டு முனையிலயும் இறுக்கிச் சுத்துங்க. அது ஏமாத்து இல்ல, வளைக்கிற எல்லாரும் சுத்துறதுதான். 6 மில்லிமீட்டர் தடிமன், 15 சென்டிமீட்டர் நீளம், இதுதான் எல்லாரும் ஆரம்பிக்கிற அளவு. நீளமானது கஷ்டம்னு நெனைப்பாங்க. நேர்மாறு. அதே தடிமன்ல ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சாலே நெம்பக் கை இருக்காது, எமன். தாடைக்குக் கீழே வெச்சு முதல் அமுக்குல ஒரு வளைவு விழணும். விழுந்துட்டா நிறுத்தாதீங்க, அப்பவே ரெண்டு கையையும் கோர்த்து நெஞ்சுக்கு முன்னாடி நசுக்கிடுங்க. வளைவுகிட்ட ஆணி சுடும், அதைக் கூட்டத்துல ஒருத்தர் கையில கொடுத்துப் பாருங்க, அந்த முகத்துக்காகவே இதைப் பண்ணலாம்.

கான்கிரீட் ஆணி மட்டும் கூடவே கூடாது. அது பதம் ஏத்தின இரும்பு, வளையாது, உடைஞ்சு பறக்கும். முன்வரிசையில குழந்தைங்க உட்கார்ந்திருப்பாங்க.

சீட்டுக்கட்டு காகிதத்துலயா பிளாஸ்டிக்லயான்னு முதல்லயே பாருங்க. முழுப் பிளாஸ்டிக் கட்டை வாங்கிட்டு மேடையில பத்து நிமிஷம் நெளிஞ்ச ஆள் ஒருத்தரை எனக்குத் தெரியும். (நான்தான்.) காகிதக் கட்டுன்னா ஓரத்தைக் கொஞ்சம் சரிச்சு விசிறி மாதிரி ஆக்கிக்கிட்டா எல்லாச் சீட்டும் ஒரே நேரத்துல எதிர்க்காது, ஒண்ணு ஒண்ணா விட்டுக்கொடுக்கும்.

பெரிய எடைதான் வித்தைன்னு இல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்து பலசாலி தாமஸ் இஞ்ச் வெச்சிருந்த டம்பெல் வெறும் 78 கிலோ. கைப்பிடி தடிமன் 6 சென்டிமீட்டர், அவ்வளவுதான் சங்கதி. டெட்லிஃப்ட்ல 200 கிலோ இழுக்கிறவங்க எத்தனையோ பேர் ஒரு கையால அதைத் தரையை விட்டுக் கிளப்ப முடியாம நின்னுருக்காங்க. நீங்களும் வளைக்கிறதுக்கு முன்னாடி ஆணியைக் கூட்டத்துல சுத்த விடுங்க, நாலு பேர் முக்கிப் பார்க்கட்டும். பாதி வேலையை அவங்களே முடிச்சுக் கொடுத்துடுவாங்க.

ஆனா ஆறு நாள் இடைவெளி பத்தாது. மேடையில ஒரு ஆணி வளைக்கணும்னா பயிற்சியில அம்பது வளைச்சிருக்கணும். மணிக்கட்டும் விரல் மூட்டும் சரியாக ரெண்டு மூணு வாரம் ஆகும், அந்தக் கையோட ஃபார்மர்ஸ் வாக் போனா வழியிலேயே கழண்டுடும். சீட்டுக்கட்டு மட்டும் பண்ணுங்க. ஆணியை அடுத்த வருஷத்துக்கு வையுங்க.

சுண்ணாம்புக் கை:

எல்லாரும் சொல்லிட்டீங்க, டாக்கியை மறந்துட்டீங்க. கல்லுக்குக் கையில பூசுற பிசின், புதியவரே. அனுமதி இருந்தா கட்டாயம் பூசுங்க, அனுமதி இல்லன்னா அதுக்கேத்த மாதிரி முன்கைக்குத் துணி உறை. முன்கையில முடி இருந்தா அன்னைக்கோட மறந்துடுங்க. கழுவத் தண்ணி பத்தாது, குழந்தை எண்ணெய் ஒரு பாட்டில் பையில வெச்சுக்கங்க. கதவு, போன், ஸ்டீரிங், எதையும் தொடுறதுக்கு முன்னாடி.

எடை இறக்குறதுல மட்டும் நுகம் அண்ணாவோட எனக்கு ஒத்துப்போகல. முந்தின நாளே எடை பார்க்கிற போட்டின்னா மூணு கிலோ ஒண்ணும் பண்ணாது.

பழைய நுகம்:

பத்து போட்டி பார்த்தவனுக்குப் பண்ணாது. முதல் போட்டிக்கு வர்றவன் ஏற்கெனவே பயத்துல பாதித் தண்ணியை இழந்திருப்பான்.

இரும்புப்பூனை:

பதினோரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். போட்டி முடிஞ்சுது. எடை இறக்கல. மேல் பிரிவுலயே 94 கிலோவுல நின்னேன், பன்னெண்டு பேர்ல ஏழாவது.

மேடையில சீட்டுக்கட்டு கிழிஞ்சுது, காகிதம்தான். ஆணியைக் காணோமேன்னு மேனேஜர் கேட்டார், அடுத்த வருஷம்னு சொல்லித் தப்பிச்சேன்.

லாக் அஞ்சு தடவை. அக்கா அவ்வளவு சொல்லியும் அதுல ஒண்ணை ரெஃப்ரி சொல்றதுக்கு முன்னாடியே இறக்கிட்டேன், எழுதினது நாலு. யோக்ல பாதி தூரம் வரைக்கும் எனக்கு முன்னாடி யாரும் இல்ல, அப்புறம் ஆட ஆரம்பிச்சுது, ரெண்டு தடவை கீழ வெச்சேன். கம்பியைக் கொஞ்சம் உயரமா வெச்சுட்டோம்னு நெனைக்கிறேன். ஃபார்மர்ஸ்ல ஒரு தடவை விழுந்துச்சு, எடுத்து முடிச்சேன்.

பெரிய அதிர்ச்சி டெட்லிஃப்ட். முதல் ரெண்டு இடம்னு எழுதியிருந்தேன்ல? அஞ்சாவது. நாலாவது நிகழ்ச்சியா வந்துச்சு, அதுக்குள்ள கை விரியவும் மாட்டேங்குது மூடவும் மாட்டேங்குது. ஜிம்ல புதுக் கையோட தூக்கற 180 வேற, அது வேற.

கல்லுல 80 ஏறிச்சு. 95 ஏறிச்சு. ரெண்டையும் நின்னு பார்க்கக்கூட நேரமில்ல, ஆனா அந்த 95 மேடையில உருண்டு நின்ன சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. 110ஐ மடி வரைக்கும் கொண்டுவந்துட்டேன். மூணு தடவை எழுந்திருக்கப் பார்த்தேன், நெஞ்சுக்கு வரும்போதெல்லாம் கீழ்ப்பக்கமா வழுக்கிட்டுப் போச்சு. அப்படியே மணி அடிச்சுட்டாங்க. மூட்டையில 110 பண்ணியிருந்தேன், இது ஏன் ஏறலன்னு புரியல.

போன் கவர் இன்னும் கையோட ஒட்டுது, சுண்ணாம்புக் கை சார்.

பழைய நுகம்:

பூஜ்யம் இல்லாம ஏழாவதா! பலே. என் முதல் போட்டியில நான் கடைசி.

அந்த 110. மடியில இருக்கும்போது கை எங்க இருந்துச்சு, கல்லுக்கு மேலயா பக்கவாட்டுலயா?

இரும்புப்பூனை:

வீடியோவை இப்பத்தான் மறுபடி போட்டுப் பார்த்தேன் அண்ணா.

பக்கவாட்டுல. மூணு தடவையும்.