எல்லாரும் "ஆப்" என்கிறார்கள்: மொபைலை வைத்துச் சமூகத் தொழில்முனைவு கற்றுக்கொடுப்பது எப்படி?

கரும்பலகை:
வணக்கம். நெட் சரியாகக் கிடைக்காத கிராமப் பகுதியில் இளைஞர்களுக்குச் சமூகத் தொழில்முனைவு, அதாவது ஊர்ப் பிரச்சினையைத் தீர்க்கிற தொழிலைத் தொடங்கி நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறேன். மொபைல் வழியாகத்தான் நடத்த வேண்டும் என்பது பயிற்சிக்குப் பணம் கொடுப்பவர்களின் நிபந்தனை. பாதிப் பேரிடம்தான் ஸ்மார்ட்போன். அதுவும் வீட்டுக்கே பொது. அண்ணன் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டால் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வகுப்பு இல்லை. மற்றவர்களிடம் பட்டன் போன்.

ஆனால் என் தலைவலி போன் இல்லை. எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் "இதுக்கு ஒரு ஆப் பண்ணிடலாம் சார்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு தொழில் எப்படி நடக்கும் என்பதை ஒரே தாளில் கட்டம் கட்டமாக எழுதும் பிசினஸ் மாடல் கேன்வாஸைக் கொடுத்தால் ஒன்பது கட்டங்களையும் அழகாக நிரப்புகிறார்கள். வருமானக் கட்டத்தில் மட்டும் எல்லாரிடமும் ஒரே பதில்: விளம்பரம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மிஸ்டுகால்:
இந்த மாதிரி வகுப்புகள் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன். முதல் சில வகுப்புகளில் ஸ்மார்ட்போனை எடுக்கவே விடாதீர்கள். பட்டன் போனில் ஓடாத யோசனைக்கு இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். முனகுவார்கள், முனகட்டும்.

அப்புறம் ஒரு எஸ்எம்எஸ் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "தண்ணீர்" நமக்கு நாலெழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு ஏழு. தடுப்பூசி முகாம் அறிவிப்பை அந்த 70க்குள் அடக்கச் சொன்னால், "அன்பார்ந்த பொதுமக்களே" முதலில் காணாமல் போகும். எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்பது மட்டும் மிஞ்சும். கேன்வாஸ் சொல்லித்தராத பாடம் அது.

அடுத்தது குரல் மெனு. ஒரு மாணவர் எழுந்து நின்று கம்ப்யூட்டர் குரலாகப் பேசட்டும்: "விதைக்கு ஒன்றை அழுத்தவும், உரத்துக்கு இரண்டை அழுத்தவும்..." இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு விரலைக் காட்டட்டும். ஐந்தாவது தேர்வு வரும்போது முதலாவது மறந்திருக்கும். வகுப்பே சிரிக்கும். ஆனால் அதற்கப்புறம் யாரும் ஒன்பது தேர்வு வைத்த மெனுவோடு வர மாட்டார்கள்.

ஆப் மோகத்துக்கு கென்யாவின் எம்-பெசா கதையைச் சொல்லுங்கள். 2005இல் சோதனை நடந்தபோது, சிறுகடன் தவணையைப் போனில் கட்டுவதற்கான ஏற்பாடு அது. மக்களோ அதை வைத்து ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2007இல் பணம் அனுப்பும் சேவையாகவே அதை வெளியிட்டார்கள். சாதாரண பட்டன் போனில் ஓடியது. போனைவிட முக்கியம், ரொக்கத்தை வாங்கிக் கணக்கில் ஏற்றிக் கமிஷன் எடுத்துக்கொண்ட முகவர் கடைகள். "உங்கள் யோசனையில் அந்தக் கடைக்காரர் யார்?" என்று கேளுங்கள். பல குழுக்கள் இந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

ஓரத்து இருக்கை:
ஸ்மார்ட்போனை எடுக்க விடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். இருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு ஏன் எஸ்எம்எஸ்ஸுக்கு இழுக்க வேண்டும்?

இன்னொன்று. வீட்டுக்குப் பொதுவான போன் என்றீர்களே, அதையே ஒரு பாடமாக்குங்கள். கர்ப்பிணிக்கு அனுப்பும் நினைவூட்டலை முதலில் படிப்பது மாமியாராக இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆலோசனை கணவர் கையில் போய் விழலாம். செய்தி யார் கண்ணில் படும் என்று யோசிக்காமல் சேவை தொடங்குவது ஆபத்து.

கரும்பலகை:
மாமியார் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் பணம்? "ஏழைகளிடம் காசு வாங்குவது பாவம் சார்" என்கிறார்கள். வாங்காவிட்டால் எப்படி நடத்துவது என்று கேட்டால் மறுபடியும் விளம்பரம்.

மிஸ்டுகால்:
குரல்பதிவு பற்றி நண்பர் சொன்னது சரிதான், ஆனால் டேட்டா தீர்ந்த நாளில் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் பட்டன் போனில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

பணத்துக்கு வருகிறேன். பயன்படுத்துபவரும் காசு கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. கானாவில் தொடங்கிய எம்பெடிகிரி என்ற சேவையில், மருந்துப் பெட்டியில் சுரண்டினால் ஒரு எண் தெரியும். அதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அசலா போலியா என்று பதில் வரும். வாங்குகிறவருக்குச் செலவில்லை. மருந்து கம்பெனி கொடுக்கிறது, ஏனென்றால் போலி மருந்தால் அடிபடுவது அவர்கள் வியாபாரமும்தான். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, ஊர்மக்கள் தங்கள் செய்தியைப் போனில் பேசிப் பதியவும் மற்றவர்கள் பதிந்ததைக் கேட்கவும் உதவும் சேவை. அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், திரும்பக் கூப்பிடும். பேசும் செலவு அழைத்தவர் தலையில் விழாது. அதை யார் தலையில் ஏற்றுவது என்பதை மாணவர்கள் சண்டை போட்டுத் தீர்க்கட்டும்.

காசு வாங்குவதே பாவம் என்பவர்களுக்கு வங்கதேசம். 1997இல் கிராமீன்போன் என்ற மொபைல் நிறுவனம் வந்தபோது, கிராமத்துப் பெண்கள் கிராமீன் வங்கியில் கடன் வாங்கி ஒரு போன் வாங்கினார்கள், ஊராருக்கு நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். ஊரில் காசு கொடுக்க ஆள் இருந்தது, அந்த வருமானத்தில் கடனும் அடைந்தது. பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, அந்தத் தொழில் தேய்ந்தது. "அந்தப் பெண் அடுத்து என்ன விற்கலாம்?" என்பதையே கடைசி வாரத் தேர்வாக வையுங்கள். விளம்பரம் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கரும்பலகை:
அந்தத் தேர்வை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஊருக்குள் போய் விசாரிக்க அனுப்பலாம் என்றிருக்கிறேன். நெட் இல்லாத இடத்தில் பதில்களை எதில் பதிவு செய்வது?

ஓரத்து இருக்கை:
கோபோ டூல்பாக்ஸ் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலே படிவம் நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். போன் இருப்பவரையும் இல்லாதவரையும் ஜோடி சேர்த்து அனுப்புங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் பதியட்டும். படிவத்தில் "ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.