திருக்கடையூர் மணிவிழா: உறவினர் வருகை விவரம் கேட்கும் இணையப் படிவத்தை எப்படி அமைப்பது?

தாம்பரம் மகள் (கேள்வி)

வணக்கம். ஆவணியில் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் மணிவிழா வைத்திருக்கிறோம். பிறந்த நட்சத்திரம் வியாழக்கிழமை வருவதால் யார் முதல் நாள் மாலையே வருவார்கள், யார் காலையில் நேராகக் கோயிலுக்கு வருவார்கள் என்று ஊகிக்க முடியவில்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அறை, வண்டி, சாப்பாடு மூன்றும் என் பொறுப்பு.

கூகுள் படிவத்தில் 22 கேள்விகள் வைத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 58 குடும்பங்களில் 19 பேர்தான் நிரப்பினார்கள். ‘எத்தனை பேர் வருகிறீர்கள்?’ என்று கேட்டதற்கு ‘குடும்பத்துடன்’, ‘4+1’, ‘நாங்கள் இருவர், மகன் பிறகு சொல்வான்’ என்றெல்லாம் பதில் வந்திருக்கிறது. இதை எப்படிக் கூட்டுவது? பழைய புகைப்படங்களைப் பதிவேற்றவும் ஓர் இடம் வைத்திருந்தேன். மதுரை அத்தை, திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது என்று விட்டுவிட்டார். பெரியப்பாவுக்கு வருத்தம் என்று அம்மா சொல்கிறார், காரணம் புரியவில்லை. சமையல்காரர் தினமும் எண்ணிக்கை கேட்கிறார். வழி சொல்லுங்கள்.

காவிரிக்கரை

சகோதரி, என் பெற்றோரின் சதாபிஷேகத்தை அதே ஊரில் நடத்தியவன் நான். பெரியப்பாவிலிருந்தே தொடங்குகிறேன்.

‘வருகிறீர்களா? ஆம் / இல்லை’ என்று அப்பாவின் அண்ணனிடம் கேட்கலாமா? அழைப்பிதழில் அழைப்பவராகப் பெயர் போட வேண்டியவர் அவர். இன்றே அவரிடம் பேசுங்கள். மற்ற பெரியவர்களையும் முதலில் தொலைபேசியில் அழைத்துவிட்டு, பேசிக்கொண்டே அவர்கள் சார்பில் நீங்களே படிவத்தை நிரப்பிவிடுங்கள். நான் 17 வீடுகளுக்கு அப்படி நிரப்பினேன். அப்படிப் பேசியபோதுதான் மாமாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருப்பது எனக்குத் தெரிந்தது. எந்தப் படிவமும் அதைச் சொல்லியிருக்காது.

அடுத்தது எண்ணிக்கை. ‘எத்தனை பேர்’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை இலை’ என்று கேளுங்கள். கைக்குழந்தையைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். சமையல்காரருக்கு வேண்டியதும் இலைக் கணக்குதான். முதல் நாள் இரவு, மறுநாள் காலைச் சிற்றுண்டி, மதிய விருந்து என்று மூன்று கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை கீழ்விரி பட்டியல் வையுங்கள். தட்டச்சு செய்ய இடம் கொடுத்தால் ‘4+1’தான் வரும். மூன்று வேளையையும் ஒரே கட்ட அட்டவணையாகப் போடத் தோன்றும், வேண்டாம். கைப்பேசியில் அது பக்கவாட்டில் நகர்ந்து, கடைசி நெடுவரிசை கண்ணில் படாமலே போகிறது.

புகைப்படப் பதிவேற்றத்தை எடுத்துவிடுங்கள். அது இருந்தாலே கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். ஒருவர் ஒரு முறைதான் பதில் தரலாம் என்ற கட்டுப்பாடும் அப்படியே. அத்தை தடுக்கி நின்றது அங்கேதான். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளலாம்.

படிவத்தைப் பிரிவுகளாக வெட்டுங்கள். வர இயலாதவர் அதைத் தேர்ந்ததும் வாழ்த்து எழுதும் இடத்துக்குப் போய் முடித்துவிட வேண்டும். அவரிடம் அறை பற்றிக் கேட்பது நன்றாக இருக்காது. ரயிலில் வருபவருக்கு மட்டும் வண்டிக் கேள்வி. மயிலாடுதுறை நிலையத்திலிருந்து திருக்கடையூர் 20 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து உழவன் விரைவு ரயிலில் வருபவர் விடியற்காலையில் இறங்குவார், கோவை ஜன சதாப்தியில் வருபவர் பிற்பகலில். ‘வரும் நேரம்’ என்று பொதுவாகக் கேட்காமல் ரயில் பெயர்களையே தெரிவுகளாகக் கொடுத்தால் எத்தனை வேன் என்பது தானாகத் தெரியும். கிளை பிரிக்கும் வசதி ஒற்றைத் தெரிவுக் கேள்வியிலும் கீழ்விரி பட்டியலிலும் மட்டுமே வேலை செய்யும். பலவற்றை டிக் செய்யும் கேள்வியில் செய்யாது. இது தெரியாமல் ஒரு மாலைப்பொழுதை இழந்தேன்.

வயதைக் கேட்காதீர்கள். ‘மாடிப்படி ஏற இயலாதவர் எத்தனை பேர்?’ என்று கேட்டால் கீழ்த்தள அறை எத்தனை வேண்டும் என்று வந்துவிடும். பதில் தெரிந்தாலும் உங்களால் எதையும் மாற்ற முடியாது என்றால் அந்தக் கேள்வி வேண்டாம். கலசம் 16-ஆ 64-ஆ என்பது நீங்களும் குருக்களும் பேச வேண்டியது.

தாம்பரம் மகள்

மிக்க நன்றி அண்ணா. பெரியப்பா விஷயம் மனத்தில் தைத்தது, இன்று மாலையே பேசுகிறேன். இன்னொரு சிக்கல்: கணவனும் மனைவியும் தனித்தனியாக நிரப்பிய வீடுகள் மூன்று இருக்கின்றன. இதைத் தடுக்க வழி உண்டா?

கணக்கு ஆசிரியை

முழுவதும் தடுக்க முடியாது அம்மா, கண்டுபிடிக்கலாம். ‘வீட்டுக்கு ஒருவர் நிரப்பினால் போதும்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். குடும்பத் தலைவரின் கைப்பேசி எண்ணைக் கட்டாயக் கேள்வியாக வையுங்கள். பதில்கள் சேரும் கூகுள் விரிதாளை அந்த எண் வாரியாக வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவுகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். பத்து இலக்கம் இருக்க வேண்டும் என்று விதி மட்டும் போடாதீர்கள், சிங்கப்பூர் எண் எட்டு இலக்கம்தான்.

அனுப்பிய பின் பதிலைத் திருத்தும் வசதியை இயக்கிவையுங்கள். திருத்தினால் அதே வரிசைதான் மாறும், புதிய வரிசை சேராது. பதில்களின் சுருக்கத்தை எல்லோரும் பார்க்கும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். எங்கள் குடும்ப விழாவில் அது திறந்தே இருந்து, எல்லோருடைய எண்களும் வெளியே தெரிந்துவிட்டன. படிவத்தைத் திருத்தும் இணைப்பையும் குழுவில் போட்டுவிடாதீர்கள். நிரப்பும் இணைப்பு வேறு.

விழாவுக்குப் பத்து நாள் முன்பே பதில் பெறுவதை நிறுத்திவிடுங்கள். பிறகு திறப்பவர்களுக்கு என்ன வாசகம் தெரிய வேண்டும் என்று நீங்களே எழுதலாம். அதில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.

தாம்பரம் மகள்

புதிய படிவத்தில் ஒன்பதே கேள்விகள். ஆறு நாளில் 51 வீடுகள் வந்துவிட்டன. அதில் 20 நான் தொலைபேசியில் கேட்டு நிரப்பியவை. இரவுக்கு 64 இலை, காலைக்கு 112, மதியத்துக்கு 138. சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவிடம் பேசினேன். முதல் ஐந்து நிமிடம் அவர் அதிகம் பேசவில்லை. பிறகு ரயில் வாரியாக யார் யார் வருகிறார்கள் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார். விடியற்காலை உழவனுக்கு மயிலாடுதுறையில் வேனுடன் தானே நிற்பதாகவும், அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்பும்படியும் சொன்னார். நாளை தபாலில் போடுகிறேன்.