உக்ரைன் 1994-ல் அணு ஆயுதங்களை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால்?

கரிசல்மண்:
எங்கே பேச்செடுத்தாலும் "உக்ரைன் அணுகுண்டைக் கொடுத்தது, அதனால்தான் அடி வாங்குகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சோவியத் உடைந்தபோது அந்த மண்ணில் ஏறத்தாழ 1,900 நெடுந்தூர வார்ஹெட்கள் (ஏவுகணையில் பொருத்தும் அணுகுண்டுகள்), 176 கண்டம் தாண்டும் ஏவுகணைகள், 40-க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள். உலகின் மூன்றாவது பெரிய இருப்பு. இதைக் கையில் வைத்துக்கொள்ள நடைமுறையில் முடிந்திருக்குமா? முடிந்திருந்தால் 2014-ல் ரஷ்யா கிரீமியாவைப் பிடித்ததையும் 2022 படையெடுப்பையும் தடுத்திருக்குமா? அணுகுண்டு இருந்தால் எதிரி தாக்கத் தயங்குவான் என்ற தடுப்பாற்றலை நம்புகிறவர்களும் ஆயுதக் களைவை ஆதரிப்பவர்களும் விவரத்தோடு எழுதுங்கள். "அமைதியே வழி", "பலமே பேசும்" வகைப் பதில்கள் வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார்:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வார்ஹெட் மண்ணில் இருப்பது வேறு, அதை ஏவ முடிவது வேறு. ஏவுவதற்கான குறியீடுகள் மாஸ்கோவில் இருந்தன. 1991 டிசம்பர் மின்ஸ்க் உடன்பாட்டின்படி, உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் தலைவர்களின் ஒப்புதலோடு ரஷ்ய அதிபர் முடிவெடுக்க வேண்டும். ஆக, கீவுக்குக் கிடைத்தது "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை. அதையும் கருவி வழியாக நடைமுறைப்படுத்த வழியில்லை. 1992-ல் வின்னித்ஸியாவைத் தலைமையிடமாகக் கொண்ட 43-வது ஏவுகணைப் படையைக் கீவ் தன் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. சம்பளம், உணவு, சத்தியப்பிரமாணம் எல்லாம் உக்ரைன் கைக்கு வந்தன. ஏவும் கட்டளைத் தொடர் வரவில்லை.

அடுத்து, தூரம். கண்டம் தாண்டும் ஏவுகணைகள் இரண்டு வகை: 130 எஸ்எஸ்-19, 46 எஸ்எஸ்-24. இரண்டுமே அமெரிக்காவைக் குறிவைத்து அமைத்தவை. அவை நின்ற பெர்வோமைஸ்க் நிலவறைகளிலிருந்து (பூமிக்குள் உள்ள ஏவுகுழிகள்) மாஸ்கோ ஏறத்தாழ 1,000 கி.மீ.தான். 10,000 கி.மீ. பாயும் ஏவுகணையை அவ்வளவு அருகில் இறக்குவதற்கு வழிகாட்டு மென்பொருளை மாற்றி எழுத வேண்டும், பறக்கவிட்டுச் சோதிக்க வேண்டும். விளாடிவஸ்தோக் எட்டும் தூரம்தான், ஆனால் அதைக் காட்டி மாஸ்கோவை மிரட்டுவது கடினம். குண்டுவீச்சு விமானங்களும் அவற்றின் குரூஸ் (தாழப் பறக்கும்) ஏவுகணைகளும் இதைவிடப் பொருத்தமானவை. ஆனால் அவை நின்றது பிரிலூக்கி, ஊசின் என்ற இரண்டு தளங்களில். முதல் தாக்குதலிலேயே போயிருக்கும்.

கடைசியாக, பலரும் தவறவிடுகிற விஷயம்: வார்ஹெட் கெட்டுப்போகும் பொருள். வெடிப்பைப் பெருக்க அதில் வைக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனின் அரைவாழ்வு 12.3 ஆண்டு. ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் சிதைந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிரிட்டியம் தயாரிக்கும் உலை, செறிவூட்டும் ஆலை, வார்ஹெட்டைப் பிரித்துச் சேர்க்கும் ஆலை எல்லாம் ரஷ்யாவில். சோதனைத் தளம் செமிபலாடின்ஸ்க் கஜகஸ்தானில். அதுவும் 1991 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. புதிதாகக் கட்டலாம்தான். 1993-ல் உக்ரைனின் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வடதிசை:
வாத்தியார் சொன்ன தகவல்களில் பிழையில்லை. முடிவை மட்டும் ஏற்க மாட்டேன். ஏவுகணைத் தொழிலின் மூளையே உக்ரைனில்தான் இருந்தது. நிப்ரோவின் யுஷ்மாஷ் ஆலை எஸ்எஸ்-18 ஏவுகணையையே கட்டியது. எஸ்எஸ்-24-ஐ வடிவமைத்தது அதே ஊரின் யுஷ்னோயே வடிவமைப்பு நிலையம். எஸ்எஸ்-19-க்கான வழிகாட்டு அமைப்பு கார்கீவில் உருவானது. யுரேனியம் ஷோவ்தி வோடியில் வெட்டி எடுக்கப்பட்டது. இவ்வளவு இருக்கும் நாடு சில ஆண்டுகளில் ஏவும் குறியீட்டுப் பூட்டை உடைத்திருக்கும், அல்லது வார்ஹெட்டுக்குள் இருக்கும் அணுப்பிளவுப் பொருளை எடுத்துத் தனக்கென்று எளிய குண்டு செய்திருக்கும்.

தடுப்பாற்றலுக்கு எல்லாக் குண்டும் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. ஒன்றிரண்டு வேலை செய்யலாம் என்ற ஐயம் எதிரிக்கு இருந்தால் போதும். 2022 முதல் மேற்கு நாடுகள் ஒவ்வொரு ஆயுதத்தையும் எவ்வளவு தயங்கித் தயங்கி அனுப்பின என்று பாருங்கள். ரஷ்யாவின் அணு ஆயுதம் வெடிக்காமலேயே வேலை செய்கிறது. வட கொரியா இதைப் பார்த்து என்ன பாடம் எடுத்துக்கொள்ளும் என்று களைவுப் பக்கத்தினர் யோசிக்க வேண்டும்.

மேகலா:
வடதிசை அவர்களே, அந்த "சில ஆண்டுகள்"தான் சிக்கலே. அந்த இடைவெளியில் ரஷ்யாவும் அமெரிக்காவும் கைகட்டிக்கொண்டு இருந்திருக்குமா? 1993 நவம்பரில் உக்ரைன் நாடாளுமன்றம், அமெரிக்க-சோவியத் நெடுந்தூர அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தமான ஸ்டார்ட் ஒப்பந்தத்தை 13 நிபந்தனைகளோடு ஏற்று, வார்ஹெட்களில் 42 சதவீதத்தை மட்டுமே அழிப்போம் என்றது. வாஷிங்டனும் மாஸ்கோவும் சேர்ந்தே அதை நிராகரித்தன. உதவியும் வராது, அங்கீகாரமும் வராது. அணுமின் நிலையங்களுக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

சும்மா தூக்கிக் கொடுத்தார்கள் என்பதும் சரியல்ல. அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன் வெளியிட்ட 1994 ஜனவரி 14 முத்தரப்பு அறிக்கையில் பேரம் தெளிவாக இருக்கிறது. முதல் பத்து மாதத்தில் குறைந்தது 200 வார்ஹெட் ரஷ்யாவுக்குப் போக வேண்டும். பதிலுக்கு ரஷ்யா, அணுமின் நிலையங்களுக்கு 100 டன் குறைசெறிவு யுரேனியம் கொண்ட எரிபொருள் தர வேண்டும். அதற்கு முன்பணமாக அமெரிக்கா ரஷ்யாவுக்கு 6 கோடி டாலர். கடைசி வார்ஹெட் 1996 ஜூன் 1-க்குள் போய்ச் சேர்ந்தது. சரக்கும் விலையும் தவணையும் எழுதியிருந்த இந்தப் பகுதி ஒழுங்காக நடந்தது.

உடைந்தது பாதுகாப்பு உறுதிமொழிப் பகுதி. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா உக்ரைனுக்கு உறுதி தந்த 1994 டிசம்பர் 5 புடாபெஸ்ட் ஆவணம் ஆறே பத்திகள். எல்லையை மதிப்போம், படைபலம் பயன்படுத்த மாட்டோம் என்று ரஷ்யாவும் கையெழுத்திட்டது. மீறினால்? ஐ.நா. பாதுகாப்பு அவையின் நடவடிக்கையைக் கோருவது அணு ஆயுதம் பயன்படுத்தப்படும் ஆக்கிரமிப்புக்கு மட்டும். மற்றபடி கேள்வி எழுந்தால் கலந்து பேச வேண்டும், அவ்வளவே. அந்த அவையில் ரஷ்யாவுக்கு வீட்டோ இருக்கிறது. 2014 மார்ச்சில் கீவ் ஆலோசனைக்கு அழைத்தபோது ரஷ்யா உட்காரவே இல்லை. மீறினால் இன்ன ஆயுதம், இத்தனை நாளில் வரும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் கதை வேறு. அந்த வரியைக் கேட்காமல் விட்டதும், கொடுக்க மறுத்ததும்தான் எனக்கு ஆறாத கோபம்.

இன்னொன்று. குண்டு இருந்தால் யாரும் தொட மாட்டார்கள் என்பது வரலாற்றில் நிற்கவில்லை. 1973-ல் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின, 1982-ல் அர்ஜென்டினா பிரிட்டன் வசமிருந்த பாக்லாந்துத் தீவுகளில் இறங்கியது, 1999-ல் கார்கில். 2024 ஆகஸ்டில் அணுகுண்டே இல்லாத உக்ரைன் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் புகுந்தது. ஒரு துண்டு நிலத்துக்காக அணுகுண்டு வீசுவேன் என்பதை எதிரி நம்புவதில்லை. கிரீமியாவில் சின்னம் இல்லாத சீருடையில் வந்த படைவீரர்கள் மீது யார் அணுகுண்டு போடுவார்கள்?

வடதிசை:
குர்ஸ்க் எடுத்துக்காட்டு வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். கிரீமியாவைக் குண்டு தடுத்திருக்காது. ஆனால் 2022 பிப்ரவரியில் கீவை நோக்கி வந்த படை வேறு. அது ஓர் அரசையே கவிழ்க்க வந்தது. அதை எதிர்த்துக் குண்டை எடுப்பேன் என்ற மிரட்டல் நம்பும்படி இருந்திருக்கும். என் வாதத்தை அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கரிசல்மண்:
நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கிளைக்கேள்வி ஒன்று: அழித்தார்கள் என்று எப்படிச் சரிபார்த்தார்கள்? ஒரு நிலவறையை ஒளித்துவைத்திருக்க முடியாதா?

இயற்பியல் வாத்தியார்:
நிலவறையை ஒளிக்க முடியாது. முதல் ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் விதி: வெடிவைத்தால் குறைந்தது 6 மீட்டர் ஆழம், தோண்டினால் 8 மீட்டர் ஆழம் வரை சிதைக்க வேண்டும். பிறகு செயற்கைக்கோள் பார்ப்பதற்காக 90 நாள் மூடாமல் விட வேண்டும். விமானத்துக்கு வால் பகுதியை வெட்டு, இறக்கையைப் பிரி, மிச்ச உடலை இரண்டாக வெட்டு. கடைசி நிலவறை 2001 அக்டோபரில் போனது. செலவை, பழைய சோவியத் ஆயுதங்களை அழிக்க உதவிய நன்-லூகர் திட்டத்தில் அமெரிக்கா ஏற்றது. இழுத்தடித்தது எஸ்எஸ்-24-இன் திட எரிபொருள். எஸ்எஸ்-19-இன் திரவ எரிபொருள் கொடிய நஞ்சு, ஆனாலும் வடித்தெடுக்கலாம். திட எரிபொருள் ரப்பர் போல உறைக்குள் ஒட்டியிருக்கும். உக்ரைனின் பாவ்லோஹ்ராத் நகரில் அதை வெளியே எடுக்கும் வேலை பல ஆண்டு நீண்டது.

ஒளிக்கக்கூடியது வார்ஹெட். ஸ்டார்ட் எண்ணியதும் அழித்ததும் ஏவுகணை, நிலவறை, விமானங்களை. வார்ஹெட்டைப் பிரிப்பதை நேரில் சரிபார்க்கும் விதி அதில் இல்லை. வடிவமைப்பு ரகசியம் வெளியே போகும் என்பதால் உள்ளே பார்க்க யாரும் விடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் அணுகிய விதம் வேறு. ஆறு குண்டுகளையும் அவர்களே பிரித்து, 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள், 1993 மார்ச்சில்தான் வெளியே சொன்னார்கள். சர்வதேச அணுசக்தி முகமை, வலிந்தபா செறிவூட்டும் ஆலையின் இயக்கப் பதிவேடுகளைப் பழைய நாட்களிலிருந்து எடுத்து, எவ்வளவு யுரேனியம் செறிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, கையிருப்போடு ஒப்பிட்டது. கலஹாரியில் தோண்டிய சோதனைக் குழிகளை முகமையின் கண்முன்னே மூடினார்கள்.

மேகலா:
விமானங்கள் எல்லாம் வெட்டப்படவில்லை. 1999-ல் எட்டு டியூ-160, மூன்று டியூ-95 குண்டுவீச்சு விமானங்கள், 575 குரூஸ் ஏவுகணைகளை எரிவாயுக் கடனில் 28.5 கோடி டாலர் கழித்துக்கொள்வதற்காக உக்ரைன் ரஷ்யாவுக்கே கொடுத்தது. அந்த டியூ-160-கள் போய்ச் சேர்ந்தது ரஷ்யாவின் ஏங்கெல்ஸ் விமானத் தளம். 2022 முதல் உக்ரைன் நகரங்கள் மீது ஏவுகணை வீசிய விமானங்கள் கிளம்பிய தளங்களில் அதுவும் ஒன்று. புடாபெஸ்ட் ஆவணம் இதைக் கேட்கவே இல்லை; வெட்டிப்போட்டிருந்தாலும் ஒப்பந்தப்படி சரியாகத்தான் இருந்திருக்கும்.