தோட்டத்தில் முள்ளெலி, ஆற்றில் பைக்: வலையை எங்கே காயப்போடுவது?

கென்னட்கரை:
இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறேன். நாலு வருடமாகக் கோடையில் தக்கை போட்டுச் சின்ன மீன்களோடு விளையாடியதோடு சரி, இந்த அக்டோபரில்தான் முதல்முறையாக பைக் பிடிக்க இறங்குகிறேன் (வண்டி இல்லை, வாய் நிறையப் பல்லோடு ஆற்றில் கிடக்குமே, அந்த மீன்). ஒரு வாரமாகச் சாயங்காலம் பின்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து ரீலுக்கு எண்ணெய் போடுவதும் பழைய தூண்டில் நரம்பை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றுவதும்தான் வேலை. பாதி நேரம் வேடிக்கையில் போய்விடுகிறது. ஒரு சாம்பல் அணில் புல்லைத் தோண்டிக் கொட்டையைப் புதைக்கிறது, நான் பார்ப்பது தெரிந்ததும் அதையே எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் புதைக்கிறது, அவ்வளவு சந்தேகம் என் மேல்.

நேற்று ராத்திரிதான் வம்பு. கழுவிய கைவலையைச் செடி மேல் காயப்போட்டிருந்தேன், ஓரம் தரையில் கிடந்திருக்கிறது. பத்து மணிக்குச் சரசரவென்று சத்தம். டார்ச் அடித்தால் ஒரு முள்ளெலி, முன்கால் வலையில் மாட்டி, பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. கையுறை போட்டு நாலு கண்ணியை வெட்டினேன், கொஞ்ச நேரம் அசையவே இல்லை, அப்புறம் மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடித்துவிட்டு இலைக் குவியலுக்குள் போய்விட்டது. பெர்ச் மீனுக்கு மண்புழு எடுக்க நான் நினைத்திருந்ததும் அதே குவியல்தான். கை வைக்கலாமா? பால் வைத்தால் குடிக்குமா?

இலைச்சருகு:
பால் வேண்டவே வேண்டாம், குடிக்கும், ஆனால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வந்துவிடும். ரொட்டியும் வேண்டாம். தட்டையான பாத்திரத்தில் தண்ணீர், பூனைக்கு வாங்கும் இறைச்சித் தீனி ஒரு கரண்டி, போதும். நவம்பர் வாக்கில் தூங்கப் போய்விடும், அதற்குள் உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும். பகலில் தள்ளாடித் திரிந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுயிர் மீட்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். குவியலைத் தொடாதீர்கள், புழுவுக்கு வேறு மூலையைத் தோண்டுங்கள். உருவிய நரம்பு எங்கே போட்டீர்கள்? வலையைவிட அதுதான் ஆபத்து, பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். நவம்பர் 5 ராத்திரி இங்கே நெருப்பு மூட்டிக் கொண்டாடுவார்களே, அதற்குப் பக்கத்து வீட்டில் சொக்கப்பனை மாதிரி விறகு அடுக்கினால், கொளுத்துவதற்கு முன் இடம் மாற்றி அடுக்கச் சொல்லுங்கள், உள்ளே இது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

தக்கைமீசை:
நம்மூர்க் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 என்றால் இங்கே ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15, அதனால் இப்போது பிடிக்கத் தடையில்லை. ஆனாலும் அவசரப்படாதீர்கள். நாலு உறைபனி விழுந்து நீர்ச்செடி மடியட்டும், குஞ்சு மீனெல்லாம் ஒதுங்கிக் கூட்டம் சேரும், பைக் அங்கேதான் நிற்கும். தூண்டில் முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி கட்டாயம், வெறும் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும், முள்ளை விழுங்கிய மீனும் பாவம். நீளமான இடுக்கி, மீனைக் கிடத்த மெத்தை விரிப்பு, இரண்டும் இல்லாமல் ஆற்றுக்குப் போகாதீர்கள். 13 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். அடுத்த கேள்வி குழம்பு பற்றித்தான் இருக்கும் என்று தெரியும்: கரைக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் ஒரு நாளைக்கு ஒரு பைக், அதுவும் 65 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. முள்ளு ஜாஸ்தி, நான் விட்டுவிடுவேன்.

கென்னட்கரை:
வலை இப்போது கொட்டகை ஆணியில் தொங்குகிறது. பூனைத்தீனி காலையில் காலி. தெருப் பூனைதான் தின்றிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு புழுக்கை, அதில் வண்டு ஓடு மினுங்குகிறது.