100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க் கேபிளில் 11.3 தான் வருகிறதே?

இன்னொரு கணினியிலிருந்து பெரிய கோப்பை நகலெடுக்கும்போது விண்டோஸில் வினாடிக்கு 11.3 எம்பி (மெகாபைட்) என்றே நிற்கிறது, அதைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. மீதி வேகம் எங்கே?

பதில்: எங்கேயும் போகவில்லை. நெட்வொர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், சேமிப்பைப் பைட்டில். 8 பிட் 1 பைட், ஆக 100 வகுத்தல் 8, 12.5.

மற்றொரு பதில்: அதோடு முடியவில்லை. மெகாபைட் என்று எழுதினாலும் விண்டோஸ் 10,48,576 பைட்டைத்தான் ஒன்றாக எண்ணும், அதில் 12.5 என்பது 11.92 ஆகிவிடும். அப்புறம் ஈதர்நெட், ஐபி, டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறைகள் தரவோடு சேர்த்து அனுப்பும் தலைப்புகள் (ஹெடர்) வேறு இருக்கின்றன, கம்பியில் 1,538 பைட் போனால் அதில் உங்கள் தரவு 1,460 தான். 11.92-ஐ 1,460/1,538 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

கேட்டவர்: சரியாக 11.3 வந்துவிட்டது! கேபிளை மாற்ற இருந்தேன், மிக்க நன்றி.