ஹாஸ்மர்-லெமஷோ: 8-ஆ, 10-ஆ?

பிழைவிளிம்பு:
பக்கத்து இழையில் ஒருவர் அப்பாச்சி 2-க்கு (ஐசியு நோயாளியின் சாவு வாய்ப்பைக் கணிக்கும் ஸ்கோர்) ஹாஸ்மர்-லெமஷோ (கணிப்பும் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று குழுகுழுவாகப் பார்க்கும் சோதனை) போட்டு, தீர்ப்பே எழுதிவிட்டார்: "மாதிரிக் கணக்கு. ஐசியுவில் 200 பேர். அப்பாச்சி 2 கணித்த சாவு 50, நடந்தது 38. 10 குழுவாகப் பிரித்தால் ஹாஸ்மர்-லெமஷோ 16.4, பி 0.037. கணிப்பு தேறாது."
அந்த பி (கணிப்பு சரியாக இருந்தும் தற்செயலாக இவ்வளவு விலகல் வரும் வாய்ப்பு; 0.05-க்குக் கீழே போனால் தேறாது என்பார்கள்), டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சோதனை எண்ணை எந்த எல்லையோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்கும் எண்) 8-க்கானது. அப்பாச்சி 2 சமன்பாடு 1985-ல் அமெரிக்காவின் 13 ஆஸ்பத்திரிகளில் 5,815 அட்மிஷன்களை வைத்து வந்தது. இந்த 200 பேரிடமிருந்து எதையும் மதிப்பிடவில்லை. சோதிக்கும் ஆட்களை வைத்தே சமன்பாடு பொருத்தினால்தான் குழு எண்ணிக்கையில் 2 கழிப்பார்கள். இங்கே எதற்கு 2 கழிக்கிறீர்கள்? 10 குழு, 10 டிகிரி. தாண்டினால் தேறாது என்னும் எல்லை 15.51 இல்லை, 18.31. பி 0.089.

வென்டிலேட்டர்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் 8 என்றுதான் காட்டுகிறது.

பிழைவிளிம்பு:
காட்டும். ஸ்கோரைப் போட்டு லாஜிஸ்டிக் ஓட்டினால் அது புதுச் சமன்பாடு பொருத்தி அதைத்தான் சோதிக்கும், அப்பாச்சியை அல்ல. ஆனால் அப்படி ஓட்டியிருந்தால் எதிர்பார்ப்பின் கூட்டுத்தொகை 38 வந்திருக்கும். உங்களுக்கு 50. ஆக, 16.4 கையால் போட்டது, 8 மட்டும் இரவல்.

தராசு:
முதல் குழுவைப் பார்த்தீர்களா? 20 பேர், எதிர்பார்த்தது 0.8, இறந்தது 3. 2.2-இன் வர்க்கத்தை 0.8 × 0.96 ஆல் வகுத்தால் 6.3. மொத்த 16.4-ல் 6.3 அந்த ஒரே குழு! எதிர்பார்ப்பு இவ்வளவு சிறுத்தால் இந்த எல்லையையும் பி-யையும் தரும் கை-ஸ்கொயரையே நம்ப முடியாது. எஸ்.எம்.ஆர் (நடந்த சாவு ÷ கணித்த சாவு) 0.76, 95% இடைவெளி 0.54 முதல் 1.04; 1-ம் அதற்குள்தான்.

வென்டிலேட்டர்:
அப்போ கணிப்பு சரியா?

பிழைவிளிம்பு:
சரி என்று எங்கே சொன்னேன்? 10 என்றேன்.

தராசு:
அந்த 38 ஐசியு சாவா, ஆஸ்பத்திரிச் சாவா? அப்பாச்சி 2 கணிப்பது ஆஸ்பத்திரிச் சாவை. வார்டுக்கு மாற்றியபின் இறந்தவர்களை விட்டால் எஸ்.எம்.ஆர் தானாகவே இறங்கும். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்?

வென்டிலேட்டர்:
போன இழையிலும் இதே ஜோடி, இதே கச்சேரி. ஐசியு வாசலை மிதிக்காதவர்கள் பாடம் எடுக்கிறார்கள்.

பிழைவிளிம்பு:
வாசலை மிதித்தால் 10 தேய்ந்து 8 ஆகிவிடுமா டாக்டர்?

குறுக்குசால்:
லெமஷோவா, லெம்ஷோவா?

வென்டிலேட்டர்:
ஆளாளுக்கு வாருங்கள். பேப்பர்களில் எல்லாம் 8தான்.

பிழைவிளிம்பு:
மாடலை உருவாக்கிய பேப்பர்களில். ஸ்டேட்டா மென்பொருளில் 'அவுட்சாம்பிள்' (வேறு ஆட்களிடமிருந்து வந்த சமன்பாடு என்று சொல்லும் தேர்வு) சேர்த்து ஓட்டுங்கள், 10 வரும்.

வென்டிலேட்டர்:
லைசென்ஸ் நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

பிழைவிளிம்பு:
ஆர் மென்பொருள் இலவசம். 18.31.