லீக் தொடங்குமுன் நடக்கும் பயிற்சி முகாமுக்கு ஒரு சொல் வேண்டும்

புதன் இரவு, பிரிக்பீல்ட்ஸ்

நண்பர்களே, வெள்ளி காலைக்குள் ஞாயிறு மலருக்கு ஒரு பக்கம் தர வேண்டும். காற்பந்து முகாமில் யார் தேறுகிறார் என்று ரசிகர்கள் பேசுவதைத் தொகுக்கிறேன். நேற்று மாலை வேலியோரம் நானும் நின்றேன். புதிதாக வந்த இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் பந்தோடு பாய்ந்து ஏறுகிறார். திரும்பி ஓடிவரும்போது இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறார். "இவரை நம்பி எப்படி?" என்றார் பக்கத்தில் நின்ற மாமா. "இது பிரி-சீசன்தானே, பொறுங்க" என்றார் இன்னொருவர்.

அந்தப் பிரி-சீசன்தான் என் சிக்கல். மலாய் நாளேடுகள் 'பிராமுசிம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. நான் 'பருவம் தொடங்குவதற்கு முந்தைய' என்று ஒரே பத்தியில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். முன்பு நம் மலேசிய லீக் ஒரே ஆண்டுக்குள் முடிந்ததால் 'ஆண்டு' என்றே ஓட்ட முடிந்தது. 2024-25 முதல் அது இரண்டு ஆண்டுகளைத் தொடுகிறது. 'முன்பருவம்' போடலாமா?

புதன் இரவு, பட்டர்வொர்த்

தம்பி, வேண்டாம். முன்பனி என்றால் பனிக்காலத்துக்கு முந்திய காலமா? பனிக்காலத்தின் முதல் பாதி. முற்பகல் பகலுக்குள்ளே, முன்னிரவு இரவுக்குள்ளே. அந்தக் கணக்கில் முன்பருவம் என்பது லீக்கின் முதல் ஐந்தாறு ஆட்டங்களாகிவிடும். பெரும்பொழுது ஆறையும் வகுப்பில் நடத்துகிறவள் நான். நாளைக்கு மாணவர் கேட்டால் என்ன சொல்வேன்?

வியாழன் விடியல், கிள்ளான்

டீச்சரம்மா, முன்றிலை மறந்துவிட்டீர்களே. இல்முன் என்பதுதான் மாறி முன்றில் ஆனது. இலக்கணப்போலிக்கு நாம் எல்லோரும் படித்த எடுத்துக்காட்டு. முன்றில் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இலங்கையில் முன்பள்ளி என்கிறார்கள். அதுவும் பள்ளிக்கு முந்தியதே. ஆகவே முன்பருவம் நிற்கும்.

ஆனால் எனக்குப் பருவமே நிறைவாக இல்லை. மலாயின் முசிம் அரபிலிருந்து வந்தது. மழைக்காற்றைக் குறிக்கும் மான்சூனும் அதே வேர். ஆங்கிலச் சீசனோ இலத்தீனில் விதைப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. விதைப்புக்கு முன் நாம் செய்வது என்ன? புழுதியுழவு! ஒரு பலம் எடையுள்ள புழுதி கால் பலம் எடையாகும்படி காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறார் வள்ளுவர். இந்த முகாமில் நடப்பதும் அதுதானே? அப்புறம், முகாமும் அரபு. பாசறை என்று எழுதுங்கள்.

வியாழன் காலை, பிரிக்பீல்ட்ஸ்

ஐயா, குறளைப் படித்ததும் சிலிர்த்தது. ஆனால் 'புழுதியுழவில் மூன்று கோல் அடித்தார்' என்று போட்டால் வாசகருக்கு எட்டாது. முகாமை மாற்றவும் மனமில்லை. இரத்ததான முகாம் என்று எல்லோரும் சொல்கிறோம்.

வியாழன் மதியம், ஜார்ஜ்டவுன்

ரசிகர் வாயில் வருவதே சொல். கோல் காத்த ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்றே நாடு கொண்டாடியது. அதற்குத் தமிழ் தேடி யாரும் காத்திருக்கவில்லை. 'பிரி-சீசன்' என்றே போடலாம் என்பேன். தமிழில்தான் வேண்டுமென்றால் கையிலேயே இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத்தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு முனகுகிறதா, திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்கிறதா, முட்டுக்கட்டை போடுகிறவருக்குக் கை படிகிறதா என்று பார்த்துச் சரிசெய்வார்கள். புள்ளியும் கிண்ணமும் இல்லாத ஆட்டத்தில் பயிற்றுநர் பார்ப்பதும் அதைத்தான். மூச்சு வாங்கும் அந்த இடப்பக்கத்து ஆளை இப்போதே கழிக்கக்கூடாது என்பதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

வியாழன் மாலை, பட்டர்வொர்த்

வெள்ளோட்டம் ஆட்டத்துக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரக்கணக்கில் மேடேறுவதும் எடை தூக்குவதும் தச்சுப் பட்டறை வேலை. தேர் இன்னும் வீதிக்கே வரவில்லை.

வியாழன் இரவு, பிரிக்பீல்ட்ஸ்

சரி, பெரும்பான்மைப்படி முடிக்கிறேன். முகாமுக்கு 'முன்பருவப் பயிற்சி', நட்புமுறை ஆட்டங்களுக்கு 'வெள்ளோட்ட ஆட்டம்'. தலைப்பு: 'வெள்ளோட்டத்தில் தேறியவர் யார்?' காலையில் பக்கம் போகிறது. எல்லோருக்கும் நன்றி.

வியாழன் இரவு, கிள்ளான்

பாசறையை விட்டுவிட்டீர்களே தம்பி. முல்லைப்பாட்டில் புண்பட்ட யானையையும் வீரரையும் எண்ணித் தூங்காமல் கிடக்கிறானே அரசன், அது பாசறை. காயம்பட்ட ஆட்டக்காரரை எண்ணும் பயிற்றுநருக்கும் அதுதானே இடம்?

வெள்ளி காலை, பட்டர்வொர்த்

முன்றில் ஒரு சொல்லுக்கு வந்த மாற்றம். அதைக் காட்டிப் புதுச்சொல்லையும் தலைகீழாகவே ஆக்க வேண்டியதில்லை. நேராக 'பருவமுன் பயிற்சி' என்றால் மயக்கமே இல்லை. பக்கம் இன்னும் போகவில்லையென்றால், ஒரு படத்தின் கீழாவது போட்டுப் பாருங்கள் தம்பி.